சாடிலின் அடியில் ஒரு காது

அக்கூஸ்டிக் கிற்றாரின் தந்தி தனியாக ஒலிப்பதில்லை. 0.3 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குக் கம்பி எவ்வளவு துடித்தாலும், அதன் முன்னால் அமுங்கும் காற்று உடனே சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விடுகிறது. தந்தி செய்வதெல்லாம் தான் ஏறிக்கிடக்கும் எலும்புத் துண்டை, அதாவது சாடிலை, ஆட்டுவதுதான். சாடில் தன்னைத் தாங்கும் மரக் குதிரையை ஆட்டுகிறது. குதிரை முகப்புப் பலகையை ஆட்டுகிறது. பலகைதான் காற்றை அள்ளித் தள்ளுகிறது. தந்தி, சாடில், பலகை, காற்று என்று அதிர்வு நான்கு இடங்களில் நான்கு வடிவில் இருக்கிறது. அதை மின்சாரமாக மாற்றித் தரும் கருவி பிக்கப். எந்தப் பிக்கப்பை வாங்குவது என்று கேட்பவர், இந்த நான்கில் எந்த இடத்தில் காதை வைப்பது என்றே கேட்கிறார்.

திருகோணமலையில் வீட்டு விறாந்தையில் வாசிப்பவருக்கு இந்தக் கேள்வி வருவதில்லை. பாலையூற்றிலும் அதன் அயலிலும் வாழும், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியரின் கல்யாண வீடுகளில் வயலினும் கிற்றாரும் றபானும் சேர்ந்து கப்ரிஞ்ஞா என்ற ஆடலிசையை வாசித்தபோது, அந்தச் சிறு கூட்டத்துக்கு வாத்தியங்களின் சொந்தக் குரலே போதுமாயிருந்தது. அதே கப்ரிஞ்ஞா மண்டபத்துக்குப் போனதும் றபானுக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் கிற்றார் காணாமற் போகிறது. உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை ஹோட்டல்களில் அலையின் இரைச்சலும் காற்றும் அதை மூடிவிடுகின்றன. தேவாலயப் பாடகர் குழுவில் நாற்பது குரல்களுக்குப் பின்னால் ஒரு கிற்றார் இருப்பதே பின் வாங்கில் இருப்பவருக்குத் தெரியாது. மூன்று இடத்துக்கும் பெருக்கம் வேண்டும். ஆனால் மூன்று இடத்துக்கும் ஒரே பிக்கப் பொருந்தாது.

தந்தியிடமே காதை வைப்பது காந்தப் பிக்கப். காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் மெல்லிய செப்புக் கம்பி. அதன் மேலே உருக்குத் தந்தி அசைந்தால் காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. பரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜோர்ஜ் போஷாம்ப் இதைக் கிற்றாரில் பொருத்த, றிக்கன்பாக்கர் நிறுவனம் ‘பொரிக்கும் சட்டி’ என்று பெயர் பெற்ற அலுமினியக் கிற்றாரை விற்றது. காப்புரிமை 1937இல்தான் கிடைத்தது. அக்கூஸ்டிக் உடலோடு காந்தப் பிக்கப்பைச் சேர்த்தவற்றில் புகழ்பெற்றது கிப்சன் 1954இல் வெளியிட்ட ஜே-160ஈ. ஒலிபெருக்கியின் ஒலி திரும்பிவந்து எழுப்பும் கூவலைக் குறைக்க அதன் முகப்புக்கு ஒட்டுப்பலகையே இட்டார்கள். அப்படியிருந்தும் பீட்டில்ஸின் ‘ஐ ஃபீல் ஃபைன்’ பாடலின் தொடக்கத்தில் 1964இல் கேட்ட அந்த உறுமல், ஜோன் லெனன் வைத்திருந்த ஜே-160ஈயின் கூவல்தான். அவர்கள் அதை வேண்டுமென்றே இசைத்தட்டில் விட்டுவைத்தார்கள்.

காந்தத்துக்கு உருக்கு மட்டுமே தெரியும் என்பதை வாங்குமுன் நினைவில் வைக்க வேண்டும். நைலோன் தந்தி பூட்டிய கிற்றாரில் அது ஊமை. அக்கூஸ்டிக் கிற்றாரின் தடித்த நான்கு தந்திகளும் உருக்கு நரம்பின் மேல் வெண்கலக் கம்பி சுற்றியவை. வெண்கலத்தைக் காந்தம் கண்டுகொள்வதில்லை, உள்ளேயுள்ள மெல்லிய நரம்பை மட்டுமே அறிகிறது. சுற்றில்லாத இரண்டு மெல்லிய தந்திகள் முழு உருக்கு. ஆகவே மின்கிற்றாருக்கென்று செய்த பிக்கப்பைக் கொண்டுவந்து ஒலித்துளையில் மாட்டினால் இரண்டாம் தந்தி மற்றவற்றைக் கடந்து கத்தும். அக்கூஸ்டிக்குக்கென்றே செய்தவற்றில் ஒவ்வொரு தந்திக்கும் உரிய காந்தமுனையின் உயரத்தைத் திருகித் திருத்தலாம், அல்லது தொழிற்சாலையிலேயே திருத்தியிருப்பார்கள். ஒற்றைச் சுருள் பிக்கப் இலங்கையின் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் முணுமுணுப்பையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். கல்யாண மண்டபத்தில் வண்ண விளக்குகளும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிகளும் பக்கத்தில் இருந்தால் இன்னும் மோசம். எதிரெதிராகச் சுற்றிய இரட்டைச் சுருள் அந்த இரைச்சலைத் தன்னுள்ளேயே கழித்துவிடுகிறது. இங்கே அதற்குக் கூடுதல் காசு கொடுப்பது வீணல்ல. மரத்தின் குணம் இதில் குறைவாகத்தான் கேட்கும், மின்கிற்றாரின் சாயல் தட்டும். ஆனால் றபானுக்குப் பக்கத்தில் நின்று வேகமாக அடித்து வாசிக்கும் கப்ரிஞ்ஞாக்காரருக்கு இதைவிட நம்பகமான பிக்கப் கிடையாது. கிற்றாரில் ஒரு துளைகூட இடாமல் பூட்டிக் கழற்றவும் முடியும்.

சாடிலின் அடியில் வைக்கும் பிக்கப்பின் கதை இலங்கை மண்ணில் தொடங்குகிறது. இரத்தினக்கல் அகழும் சரளையில் கிடைக்கும் பலநிறக் கல் ஒன்றைச் சிங்களத்தில் தோரமல்லி என்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்த வணிகர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனபோது பெயரும் கூடவே போய் ‘தூர்மலின்’ ஆயிற்று. தணலருகே சூடேறிய கல் சாம்பலை இழுத்துப் பிறகு உதறுவதைக் கண்ட ஒல்லாந்தர் அதற்குச் சாம்பல் இழுப்பான் என்று பெயர் வைத்தார்கள். லின்னேயஸ் 1747இல் அதை மின்கல் என்று அழைத்தார். சூடேற்றிய கல்லின் இரு முனைகளிலும் எதிரெதிர் மின்னேற்றம் தோன்றுகிறது என்று எபீனஸ் 1756இல் காட்டினார். வெப்பம் செய்வதை அழுத்தமும் செய்யுமா என்று 1880இல் பாரிசில் ஆராய்ந்தவர்கள் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள். தூர்மலின், குவார்ட்ஸ், கரும்புச் சீனிப் பளிங்கு எல்லாமே அழுத்தியபோது மின்னேற்றம் காட்டின. இதுவே அழுத்தமின் விளைவு. வாத்தியக்காரர் வாயில் ‘பீசோ’.

அந்த விளைவு முதலில் வேலைக்குப் போனது கடலுக்குள். முதலாம் உலகப் போரின்போது, 1917இல், போல் லோஞ்சவென் குவார்ட்ஸ் தகடுகளைக் கொண்டு நீரடியில் ஒலி அனுப்பி எதிரொலி கேட்கும் கருவியை அமைத்தார். நீர்மூழ்கிகளைத் தேடப் பிரித்தானியக் கடற்படை வைத்திருந்த ‘அஸ்டிக்’ அதே வழியில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்துபோன காவற்கப்பல்கள் வயிற்றில் குவார்ட்ஸ் காதோடு வந்தன. 1980களின் தொடக்கத்தில் இந்தக் கடலில் திமிங்கிலங்களைத் தேடிய ‘டியூலிப்’ என்ற ஆய்வுப் படகும் நீரொலிவாங்கியைக் கடலில் இறக்கியே அவற்றின் ஒலியைக் கேட்டது. கடற்படைத் தளத்துக்கு அப்பால் அலையடிக்கும் கரையில் வாசிக்கும் கிற்றாரின் சாடிலுக்குக் கீழே இருப்பதும் அதே தத்துவம். அளவுதான் சிறுத்துவிட்டது.

குவார்ட்ஸைவிடப் பல மடங்கு உணர்வுள்ள வெண்களிப் பொருட்கள் 1940களிலும் 1950களிலும் வந்தன. 1969இல் ஜப்பானில் ஹெய்ஜி கவாய் பிளாத்திக்குச் சவ்வு ஒன்றிலும் இந்த விளைவைக் கண்டார். ஹெலிகொப்டர் செய்துகொண்டிருந்த சார்ள்ஸ் கமன் 1966இல் ஓவேஷன் கிற்றார் நிறுவனத்தைத் தொடங்கியபோது, விசிறிகளின் அதிர்வை அடக்கப் படித்த பொறியியலாளர்களே கிற்றாரின் அதிர்வுக்கும் திரும்பினார்கள். ஒவ்வொரு தந்திக்கும் ஒரு பீசோவைச் சாடிலில் புதைக்கும் முறை அங்கேதான் புகழ் பெற்றது. இன்று கடைகளில் ‘செமி அக்கூஸ்டிக்’ என்ற பிழையான பெயரில் விற்கும், பக்கவாட்டில் திருகுகளும் சுருதிகாட்டியும் உள்ள கிற்றார்களில் பெரும்பாலும் இருப்பது, சாடிலின் அடிக்குழியில் கிடக்கும் நீண்ட மெல்லிய பீசோப் பட்டி.

இந்தப் பட்டிக்குத் தந்தி எதனாலானது என்ற கவலையில்லை, நைலோனும் கேட்கும். ஆறு உருக்குத் தந்திகளும் சேர்ந்து கிற்றாரை இழுக்கும் விசை ஏறத்தாழ 70 கிலோகிராம் எடைக்குச் சமம். அவை சாடிலில் மடங்கி இறங்குவதால் உண்டாகும் கீழ்நோக்கிய அழுத்தத்தின் ஏற்ற இறக்கமே பட்டிக்குக் கிடைக்கும் சேதி. மீட்டிய கணத்தில் அந்த அழுத்தம் திடீரென்று எகிறுகிறது. பலகை அதைச் சற்று மெத்தையாக வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும். பட்டியோ எகிறலை அப்படியே கொடுக்கிறது. கிற்றாருக்குள் இருக்கும் முன்பெருக்கியால் அந்த உச்சத்தைத் தாங்க முடியாதபோது ஒலி வெட்டுப்பட்டு, வாத்து கத்துவதுபோல ஒரு கரகரப்பு வரும். மெல்லிய விரல்மீட்டில் இல்லாமல் பலத்த அடியில் மட்டும் கரகரத்தால் குறை பட்டியில் இல்லை. மின்கலத்தையும் பெருக்கத்தின் அளவையும் முதலில் பார்க்க வேண்டும்.

பட்டியைப் பொருத்துவதில் பாதி வேலை மரவேலை. சாடிலைக் கழற்றினால் குதிரையில் 3 மில்லிமீற்றர் அளவு அகலமுள்ள ஒரு குழி தெரியும். அதன் அடித்தளம் கண்ணாடிபோல் சமமாக இருக்க வேண்டும். பழைய பசைத்துளியும் மரத்தூளும் அங்கே ஒட்டிக்கொண்டிருப்பது வழக்கம். குழியின் ஓரத்தில் சிறு துளையிட்டுப் பட்டியின் வயரை உள்ளே இறக்குகிறார்கள்; வயர் கூர்மையாக மடியும் இடத்தில் பட்டி மேலெழுந்து நின்றால் அந்தப் பக்கத்துத் தந்தி கத்தும், அதற்கடுத்தது மங்கும். பட்டி பிடித்த உயரத்தைச் சாடிலின் அடியிலிருந்து கழிக்க வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் அரத்தாளை விரித்து, எலும்பை நிமிர்த்திப் பிடித்து, ஒரே திசையில் தேய்ப்பதே பாதுகாப்பான முறை. கையில் பிடித்துத் தேய்த்தால் அடி வளைந்துவிடும். நடுவில் ஒரு மயிரிழை மேடு இருந்தாலும் இரு ஓரத் தந்திகளும் ஒலிபெருக்கியில் செத்துக் கேட்கும். பூட்டிப் பார்த்தபின் ஒரு தந்தி மட்டும் பலவீனமாக இருந்தால், பிக்கப்பைக் குறை சொல்லுமுன் சாடிலைக் கழற்றி அடியை வெளிச்சத்துக்கு எதிரே உருக்கு அடிமட்டத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் விடை அந்த ஒளிக்கீற்றில் இருக்கும்.

மூன்றாவது இடம் பலகை. முகப்பின் உட்புறத்தில், குதிரைக்கு நேர் கீழே, பீசோத் தட்டுகளை ஒட்டுவது இந்த முறை. பெரும்பாலும் மூன்று தட்டுகள், சிலவற்றில் ஒன்று. இதில் சாடிலின் கரகரப்புக் குறைவு, மரத்தின் குரல் கூடுதல். விரலால் மீட்டும் தனி வாசிப்புக்கும் தேவாலயத்துக்கும் இது அழகாகப் பொருந்தும். ஆனால் பலகையில் சட்டைப் பொத்தான் உரசினாலும் கேட்கும். மண்டபத்தின் பெரிய ஒலிபெருக்கி பலகையை ஆட்டினால் அதையும் பக்தியோடு கேட்டுத் திருப்பிச் சொல்லும்.

காசில்லாத இளைஞர் இந்த முறையை மிக மலிவாகச் சோதிக்கலாம். மின்னணுக் கடைகளில் ஒலிப்பான்களுக்கு விற்கும் 27 மில்லிமீற்றர் பித்தளைத் தட்டு ஒன்று, ஒரு முழம் கவச வயர், கால் அங்குல ஜக் ஒன்று, ஈயப்பற்று. இவ்வளவே பொருள். தட்டின் வெள்ளை நடுவில் உள்வயரையும் பித்தளை விளிம்பில் கவசத்தையும் பற்றவைத்து, இருபக்கம் ஒட்டும் நாடாவால் குதிரையின் அருகே வெளிப்பக்கமாக ஒட்டிப் பார்க்க வேண்டும். இடத்தை ஒரு விரலளவு நகர்த்தினால் குரல் மாறும். தடித்த தந்திப் பக்கம் கனம், மெல்லிய தந்திப் பக்கம் கூர்மை. பிடித்த இடம் கிடைத்தபிறகே உட்புறத்தில் நிலையாக ஒட்டுவது. பிக்கப் என்பது என்ன என்று விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை.

நான்காவது, காற்றைக் கேட்கும் சிறு மைக். கிற்றாரின் உண்மையான குரலுக்கு மிக அருகில் வருவது இதுவே, கூவலுக்கு மிக அருகில் இருப்பதும் இதுவே. தனியாக இதை நம்பி மேடையேறுவது சரிப்படாது. பட்டியோடு சேர்த்து, தாழ்ந்த ஒலிகளைப் பட்டிக்கும் உயர்ந்த ஒலிகளை மைக்குக்கும் பங்கிட்டுத் தரும் இரட்டை முறைகள் விலை கூடியவை. அமைதியான அரங்கில் வாசிப்பவருக்கு அந்த விலை தகும்.

எந்தப் பீசோவை வாங்கினாலும், அதற்கு அடுத்த கருவியே ஒலியைக் காப்பாற்றுகிறது அல்லது கெடுக்கிறது. ‘இந்தப் பிக்கப் தகரம்போல ஒலிக்கிறது’ என்ற முறைப்பாட்டில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. பீசோப் பட்டி மின்னியலில் ஒரு சிறு கொள்ளளவி. ஏறத்தாழ 1 நானோபரட். அதைச் செருகும் உள்ளீட்டின் தடையோடு சேர்ந்து அது ஒரு வடிகட்டியாகிறது. ஒரு குறிப்பிட்ட மீடிறனுக்கு, அதாவது விநாடிக்கு இத்தனை அதிர்வு என்ற எல்லைக்கு, கீழேயுள்ள ஒலிகளை அது உறிஞ்சிவிடும். சாதாரண மிக்சரின் லைன் உள்ளீட்டுக்குத் தடை ஏறத்தாழ 10,000 ஓம். கணக்கிட்டால் எல்லை 15,900 ஹேர்ட்ஸுக்கு அருகே விழுகிறது. கிற்றாரின் தடித்த தந்தி 82 ஹேர்ட்ஸில் தொடங்குகிறது. மிக மெல்லிய தந்தி திறந்தபடி 330. ஆக முழு வாத்தியமும் எல்லைக்குக் கீழே கிடக்கிறது. காதில் விழுவது நகத்தின் உரசல் மட்டுமே. 10 இலட்சம் ஓம், அதாவது 1 மெகாஓம் உள்ள உள்ளீட்டில் எல்லை 159 ஹேர்ட்ஸுக்கு இறங்குகிறது. தடித்த மூன்று தந்திகளின் அடிக்குரல் அப்போதும் மெலியும். 10 மெகாஓமில் எல்லை 16 ஹேர்ட்ஸ், எதுவும் இழப்பில்லை. பித்தளைத் தட்டின் கொள்ளளவம் இருபது மடங்கு கூடியது என்பதால் அது 1 மெகாஓமிலேயே நிறைவாக ஒலிக்கும்.

கிற்றாருக்குள் இருக்கும் முன்பெருக்கியின் வேலை இதுதான்: பட்டிக்குப் பெரிய தடையைக் காட்டி, வெளியே நீண்ட வயரைத் தாங்கும் வலுவான சைகையைக் கொடுப்பது. அது இல்லாத பிக்கப்பை நிலாவெளி ஹோட்டலின் மேடைக்குக் கொண்டுபோய் அங்குள்ள மிக்சரில் நேரே செருகினால், எந்தத் திருகைத் திருகினாலும் அடிக்குரல் வராது. உறிஞ்சப்பட்டதைத் திருகால் மீட்க முடியாது. 1 மெகாஓமுக்குக் குறையாத உள்ளீடுள்ள சிறு முன்பெருக்கியையோ, வாத்தியத்தின் சைகையை மிக்சருக்கு ஏற்றதாக்கித் தரும், மின்சாரத்தில் இயங்கும் டிஐ பெட்டியையோ வாத்தியக்காரர் சொந்தமாகப் பையில் வைத்திருப்பதே வழி. மின்மாற்றி மட்டும் உள்ள மலிவான டிஐ பெட்டி காந்தப் பிக்கப்புக்குப் பரவாயில்லை. முன்பெருக்கி இல்லாத பீசோவுக்கு அதன் தடை போதாது. வயரின் நீளமும் கணக்கில் உண்டு. மீற்றருக்கு 100 பிக்கோபரட் உள்ள 5 மீற்றர் வயர், 1 நானோபரட் பட்டியின் ஒலியளவில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

அடுத்தது கூவல். கிற்றாரின் பலகை காற்றைத் தள்ளும், காற்றும் பலகையைத் தள்ளும். ஒலிபெருக்கியிலிருந்து திரும்பும் ஒலி பலகையை ஆட்ட, பிக்கப் அதை மறுபடி அனுப்ப, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கூடினால் ஊளை. அது எல்லாச் சுருதியிலும் வருவதில்லை. போத்தல் வாயில் ஊதினால் ஒரே குரல் வருவதுபோல, ஒலித்துளையுள்ள கிற்றார்ப் பெட்டிக்கும் ஒரு குரல் உண்டு. பெரிய உடலுள்ளவற்றில் அது 100 ஹேர்ட்ஸை ஒட்டியிருக்கும். பலகையின் சொந்த அதிர்வு 200 ஹேர்ட்ஸை ஒட்டி வரும். கூவல் பெரும்பாலும் இந்த இரண்டிலொன்று. ஒலித்துளையை றப்பர் மூடியால் அடைத்தால் முதலாவது அடங்கும். முன்பெருக்கியில் ‘நொட்ச்’ என்ற திருகு இருந்தால் அதை மெல்ல நகர்த்தி ஊளையிடும் சுருதியை மட்டும் கிள்ளியெடுக்கலாம். அலையின் கட்டத்தை, அதாவது ஏற்ற இறக்கத்தை, தலைகீழாக்கும் பொத்தானும் சில வேளை உதவும். 30 பாகை வெக்கையில் ஒலி விநாடிக்கு 349 மீற்றர் போகிறது; 100 ஹேர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் மூன்றரை மீற்றர். பொத்தானை அழுத்துவது, அந்தச் சுருதிக்கு, ஒலிபெருக்கியை ஒன்றேமுக்கால் மீற்றர் நகர்த்தியதற்குச் சமம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது, வாசிப்பவர் தன் கிற்றாரின் முகத்தை ஒலிபெருக்கிக்கு எதிரே காட்டாமல் நிற்பது.

முணுமுணுப்புத் தாங்காமல் ஒலிபெருக்கியின் செருகியில் நில இணைப்பை வெட்டிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. 230 வோல்ட் ஓடும் நாட்டில், ஈர மணலில் வெறுங்காலோடு நின்று, உருக்குத் தந்தியைக் கையில் பிடித்திருப்பவருக்கு அது உயிராபத்து. டிஐ பெட்டியில் நிலத்தைப் பிரிக்கும் பொத்தான் இருக்கிறது. அது சைகை வயரின் கவசத்தை மட்டும் பிரிக்கும், மின்சாரத்தின் நில இணைப்பு அப்படியே இருக்கும்.

திருகோணமலையின் காற்றுகளும் பிக்கப்பைத் தொடுகின்றன. வாடைக்காலத்தில் மழையும் ஈரமும் ஏறும்போது முகப்புப் பலகை நீரை உறிஞ்சிப் புடைக்கிறது. குதிரை உயர்கிறது, தந்தி மேலெழுகிறது. வைகாசி தொடங்கிக் கச்சான் வீசும்போது, மலைநாட்டில் ஈரத்தை இறக்கிவிட்டு வரும் அந்த வரண்ட காற்றில் பலகை சுருங்கித் தாழ்கிறது. சாடிலின் அழுத்தம் இரண்டு காலத்திலும் வேறு வேறு. மார்கழியில் சமமாக ஒலித்த ஆறு தந்திகள் ஆனியில் ஏறுமாறாக ஒலிப்பதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். கிற்றார் மரத்துக்கு உகந்த ஈரப்பதன் 45 முதல் 55 வீதம். மூடிய பெட்டியும், மழைக்காலத்தில் அதற்குள் ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பைகளும் அந்த அளவை நெருங்க உதவும். ஒட்டிய தட்டுகளுக்கு வெயிலில் நிறுத்திய வானே பெரிய எதிரி. பசை இளகித் தட்டு நழுவினால் குரல் பாதியாகும்.

உப்புக் காற்று முதலில் கடிப்பது ஜக்கை. வயரை அசைத்தால் கரகரக்கும், பிறகு திடீரென்று மௌனமாகும். தொடுமுனைத் துப்புரவுத் திரவத்தைச் செருகியில் தடவி, பத்துத் தடவை செருகிக் கழற்றினால் பெரும்பாலும் சரியாகும். மின்கலப் பெட்டியின் சுருள்கம்பிகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் சுரண்டித் துடைக்க வேண்டும். கிற்றாரின் ஜக்கே முன்பெருக்கியின் சுவிச்சும் ஆகும். வயரைச் செருகியதும் மின்கலம் ஓடத் தொடங்குகிறது. 500 மில்லிஅம்பியர்-மணி கொள்ளும் 9 வோல்ட் மின்கலம், 2 மில்லிஅம்பியர் குடிக்கும் முன்பெருக்கியில் 250 மணித்தியாலம் நிற்கும். கச்சேரி முடிந்து வயரைக் கழற்றாமல் மூலையில் சாத்திவைத்த கிற்றாரில் அது பதினோராம் நாள் காலி. பல மாதம் வாசிக்காமல் வைக்கும் கிற்றாரிலிருந்து மின்கலத்தையே எடுத்துவிட வேண்டும்; உள்ளே கசிந்தால் முன்பெருக்கிப் பலகையின் செப்புக் கோடுகளை அது அரித்துவிடும்.